குவார்ட்சைட்டில் ஜாக்கி மாற்றிய கதை

ஃபீனிக்ஸ் நகரிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கலிபோர்னியாவைப் பார்த்து இருநூறு கிலோமீட்டர் போனால் குவார்ட்சைட் என்ற சின்ன ஊர் வரும். 2020 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 2,500 பேருக்கும் குறைவு. கோடையில் பெட்ரோல் போட நிற்பவர்கள்கூடக் காரை விட்டு இறங்க யோசிக்கும் ஊர். ஜனவரியில் போய்ப் பாருங்கள். ஊரைச் சுற்றியுள்ள பாலை நிலத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை வெள்ளையாக டிரெய்லர்கள், பஸ் அளவுக்கு மோட்டார் வீடுகள், கூரையெல்லாம் சோலார் தகடுகள். மினசோட்டாவிலும் டகோட்டாவிலும் கனடாவிலும் பனி கொட்ட ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி, வெயில் ஏறும் ஏப்ரல் வரைக்கும் இங்கேயே காலம் தள்ளும் ஓய்வுபெற்றவர்கள். 'ஸ்னோபேர்ட்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். நம் ஊர்ப் பக்கம் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளைவிட இவர்களுக்கு வயது அதிகம், சத்தமும் கொஞ்சம் அதிகம்.

என் தம்பி ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறான். பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்றைத் தனிநபர் ஒருவரிடம் விலைக்கு வாங்கி வைத்திருந்தான். ஒற்றை அச்சு, இருபது அடி நீளம், உள்ளே சமையல் மேடை, குட்டிக் குளியலறை, பின்பக்கம் குறுக்கே ஒரு படுக்கை. பொங்கல் முடிந்த கையோடு மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை வந்தது. அமெரிக்காவில் அது ஜனவரி மூன்றாம் திங்கள். குவார்ட்சைட்டில் பெரிய ஆர்.வி. (டிரெய்லர், மோட்டார் வீடு வகையறா) கண்காட்சி நடப்பதும் அதே சமயம்தான். "அக்கா, நீ வாழ்க்கையில் பார்த்திராத திருவிழா. சாமி மட்டும் இருக்காது" என்றான்.

ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடம். மத்திய அரசின் நில நிர்வாகத் துறையான பி.எல்.எம். வைத்திருக்கும் நிலம். 1983-ல் தொடங்கிய நீண்டநாள் தங்கும் திட்டத்தில் இதுவும் ஒன்று. நாங்கள் போனபோது செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர். குடிதண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் ஓர் இடம் உண்டு. மற்றபடி எண் போட்ட மனை இல்லை, மின்சாரம் இல்லை, சிமென்ட் தளம் இல்லை. கறுத்த சரளை பரவிய தரை, ஆங்காங்கே கிரியோசோட் புதர், பாலோ வெர்டி மரம். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இடையிடையே மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வறண்ட ஓடைகள் குறுக்கிடும். 'வாஷ்' என்கிறார்கள். அப்படி ஒன்றில் இறங்கி ஏறும்போது டிரெய்லரின் பின்பக்கம் தரையில் உராய்ந்து 'கர்ர்' என்று ஓர் ஓசை கேட்டது. தம்பி நிறுத்தவில்லை. ஓடை மணலில் நிறுத்தினால் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்றான். அதுவும் சரிதான்.

டிரெய்லர் நிறுத்துவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இடவலமாகச் சமம் பார்ப்பது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு அதன்மேல் வண்டியை ஏற்ற வேண்டும். பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதன்பிறகே பிக்கப் வண்டியிலிருந்து கழற்றுவது. கழற்றிய பின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்கால் பகுதியில் உள்ள ஜாக்கியைச் சுழற்றி முன்பின் சமம். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நான்கு மூலையிலும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகளை இறக்குவது. உள்ளே ஆள் நடந்தால் வண்டி ஆடாமல் இருக்க அவை. நம் பஞ்சர் கடைகளில் கார் தூக்கும் கத்தரி ஜாக்கியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். சாய்சதுரமாக மடங்கும் நான்கு கைகள், நடுவே ஊடுருவும் மரை போட்ட தண்டு, நுனியில் முக்கால் அங்குல அறுகோணத் தலை.

கழற்றும் முன் எதற்கும் பின் ஜாக்கிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம் என்று தம்பி குனிந்தது எங்கள் அதிர்ஷ்டம். இடது பின் ஜாக்கி பாதி இறங்கி இறுகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வலது பின் ஜாக்கி அதற்கு நேரெதிர். கைப்பிடி சுற்றச் சுற்றச் சுழன்றுகொண்டே இருந்தது, கால் மட்டும் அசையவில்லை. தூக்கிப் பிடித்த ஆணிகளில் இரண்டு ஏற்கெனவே விழுந்துபோயிருந்தன.

"விற்றவர் முன்னாடி இருக்கிற ரெண்டை மட்டும்தான் சுத்திக் காட்டினார்" என்றான் தம்பி.

"பின்னாடி போய்ப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணலையாக்கும்" என்றாள் தம்பி மனைவி. என் பக்கம் திரும்பி, "பாருங்க அண்ணி" என்றாள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஆடினால் ஆடட்டும், ஒரு ராத்திரிதானே என்று விடவும் முடியாது. ஒற்றை அச்சு டிரெய்லர் சக்கரங்கள் மீது நிற்பது ஒரு சமநிலைதான். பிக்கப்பிலிருந்து கழற்றிவிட்டு, பின் ஜாக்கி இல்லாமல், பின்பக்கப் படுக்கையில் இரண்டு பேர் ஏறிப் படுத்தால் வால் தாழ்ந்து மூக்கு மேலே எழும்பிவிடும். உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிறது. அன்று இரவு டிரெய்லரைப் பிக்கப்போடு கோத்தபடியே விட்டுவிட்டுத் தூங்கினோம். தம்பியின் மகளான என் மருமகளுக்கு ஒன்பது வயது. அவள் புரளும் ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு தடவை தலையாட்டியது.

காலையில் தம்பி வண்டிக்கடியில் படுத்துக்கொண்டிருந்தான். பாலைவனத்தில் ஒருவரை ஒருவர் நெருங்கி நிறுத்துவது மரியாதை இல்லை. அங்கே தனிமைக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் ஒருவனுடைய இரண்டு கால்கள் மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விதி ரத்தாகிவிடுகிறது. நூறு கெஜம் தள்ளி இருந்த ஒரு முதியவர் கையில் தட்டையாக்கிய அட்டைப்பெட்டியோடு வந்தார். மினசோட்டாவில் விவசாய இயந்திரங்கள் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முகமன் சொல்லிவிட்டு அட்டையைத் தரையில் விரித்து அவரும் படுத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய உடம்பு, எந்த முனகலும் இல்லாமல் படுத்தது.

அடியில் கிடந்தபடியே அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். வளைந்த இரும்பைப் பார்த்தே அது வளைந்த கதையை அவர் வாசித்தார்.

இடது ஜாக்கியின் கைகள் பின்னோக்கி முறுக்கிக்கொண்டிருந்தன. தண்டு லேசாக வில்லாகியிருந்தது. அடித்தட்டில் புதிதாகச் சுரண்டிய கோடுகள், துரு இல்லாமல் பளபளவென்று. "இது நேற்று நடந்தது. ஓடையில் இழுபட்டிருக்கிறது" என்றார். மேலிருந்து வரும் எடை அந்தத் தண்டை இழுக்குமே தவிர வளைக்காது. வளைந்திருந்தால் பக்கவாட்டில் அடி வாங்கியிருக்கிறது, அல்லது கால் இறங்கியிருக்கும்போதே யாரோ வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

வலது ஜாக்கி வேறு ரகம். கைகள் நேராகவே இருந்தன. ஆனால் தண்டு நுழையும் நட்டுக்குள் மரை மழுங்கிப்போயிருந்தது. அடியில் பழுப்பு நிறத்தில் பழைய இரும்புத்தூள். சேஸிஸில் ஆணித் துளைகள் வட்டம் இழந்து நீள்வட்டமாகியிருந்தன. "இது பழைய பாவம். இதை வைத்து யாரோ வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, பழக்கமாகவே" என்றார்.

தூக்கினால் என்ன என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஜாக்கியின் மேலேயே 5,000 பவுண்டு என்று அச்சடித்திருந்தது, அதாவது சுமார் 2,270 கிலோ. நான்கு ஜாக்கி சேர்ந்தால் 9,000 கிலோவுக்கு மேல். மொத்த டிரெய்லரே அதில் கால்வாசிகூட இல்லை. எண்ணை மட்டும் படிப்பவர் தாராளமாகத் தூக்கலாம் என்றுதான் நினைப்பார்.

கத்தரி ஜாக்கியின் சூட்சுமம் அதன் கோணத்தில் இருக்கிறது. கைகள் 45 டிகிரியில் விரிந்து நிற்கும்போது மேலே எவ்வளவு எடையோ அவ்வளவு இழுவைதான் தண்டில் விழும். ஏறக்குறைய மடங்கிய நிலையில், கைகள் தரையோடு 10 டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கும்போது, அதே எடை தண்டில் ஐந்தரை மடங்குக்கு மேல் இழுவையாகிறது. தாழ்ந்த டிரெய்லருக்கு அடியில், மேட்டு நிலத்தில், ஏறக்குறைய மடங்கிய ஜாக்கியை வைத்து ஒருவர் தூக்க முயன்றால் மரை கதறத்தான் செய்யும். போதாததற்கு இப்போது எல்லோரும் கையால் சுற்றுவதில்லை. பேட்டரி டிரில்லில் சாக்கெட்டை மாட்டி 'விர்ர்' என்று ஏற்றுகிறார்கள். கைக்குத் தெரியும் இறுக்கம் டிரில்லுக்குத் தெரியாது. தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் வகை இன்னும் மோசம் என்றார் அவர்.

மரை பிழைத்துக்கொண்டாலும் வண்டி தப்பாது. டிரெய்லரின் சேஸிஸ் சக்கரங்கள் மீதும் முன் கொக்கி மீதும் எடை இறங்கும் கணக்கில் செய்தது. மூலையைப் பிடித்துத் தூக்கினால் அது முறுக்கும். முறுக்கினால் கதவு சட்டத்தில் உட்காராது, ஜன்னலோரத்து ஒட்டு பிளக்கும், அடுத்த மழையில் சுவருக்குள் தண்ணீர் போகும். உரிமையாளர் கூரையைப் பார்த்து ஒழுக்குத் தேடிக்கொண்டிருப்பார். இந்த ஜாக்கிகள் முட்டுக் கொடுக்கத்தான், தூக்குவதற்கு அல்ல. முட்டு என்றால் அதன்மேல் பாரம் கிடையாது, அசைவை மட்டும் அது தடுக்கும். தூக்கும் வேலை முன்னால் இருக்கும் ஏர்க்கால் ஜாக்கிக்கும், சக்கரத்தடிப் பலகைக்கும்தான்.

இன்னொன்றும் சொன்னார். கிளம்பும்போது அவசரத்தில் பின் ஜாக்கிகளை ஏற்றாமலே, பிக்கப்பில் கோப்பதற்காக மூக்கை உயர்த்துகிறார்கள். மூக்கு உயர்ந்தால் வால் தாழும். தாழ்கிற வால் முழுதும் அந்த இரண்டு கால்கள் மீது உட்காரும். யாரும் வேண்டுமென்று தூக்கவில்லை, ஆனால் தூக்கியதற்குச் சமம். குவார்ட்சைட்டில் அவர் பழுது பார்த்த ஜாக்கிகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவைதானாம்.

வளைந்த தண்டை நிமிர்த்தலாமா என்று தம்பிக்கு ஓர் ஆசை. நிமிர்த்தலாம், ஆனால் மரை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், வேண்டாம் என்றார். ஜோடியாக விற்பார்கள், வாங்கி வா என்றார்.

வாங்கப் போன இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்காட்சிக் கூடாரத்துக்கு வெளியே பரந்து விரிந்த சந்தை. பாதிக் கடைகளில் கல். 1960-களிலிருந்து ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இங்கே ரத்தினக்கல், கனிமச் சந்தை கூடுகிறது. ஊரின் பெயரே ஒரு கல்லை வைத்துத்தான். அமெதிஸ்ட் கல்லைத் தொட்டி தொட்டியாகக் குவித்திருக்கும் கடைக்குப் பக்கத்தில் பழைய ஸ்பேனர்கள் எடைக்கு விற்கின்றன. அதற்கடுத்து டிரெய்லர் சாமான் கடை. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், டயர், ஜாக்கி. அங்கிருந்து இரண்டு புதிய ஜாக்கிகள், எட்டு போல்ட், வாஷர், உட்புறம் நைலான் வளையம் வைத்த லாக் நட்டு, துத்தநாகப் பூச்சு டப்பா ஒன்று. எல்லாம் சேர்த்து நூறு டாலரைக் கொஞ்சம் தாண்டியது. இத்தனை ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் வண்டியைத் தாங்கி நிற்கும் கால் இவ்வளவு மலிவா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கால்களைத் துளைத்துக்கொண்டே ஏறும் நாலு திருகாணிகளில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்த பிறகு கோபம் இன்னும் ஏறியது. இந்த நாட்டு டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் கூட்டிச் சேர்க்கப்படுகின்றன. வேகமாகக் கூட்டுகிறார்கள் என்பது வண்டிக்கடியில் படுத்தால் தெரிகிறது.

வேலை மதியம் ஆரம்பித்தது. டிரெய்லர் பிக்கப்போடு கோத்தபடியே இருக்கட்டும் என்றார். சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை. சேஸிஸுக்கு அடியில் இரண்டு இரும்புத் தாங்கிகள். வண்டியைத் தூக்கவே போவதில்லை, பிறகு எதற்கு என்று கேட்டேன். "எதற்கும்" என்றார். அடியில் படுப்பவர் ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது, தாங்கியை நம்பித்தான் படுக்க வேண்டும். இதில் அவர் விளையாட்டுப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை.

பாதி இறங்கி இறுகிய இடது ஜாக்கியின் அடித்தட்டு தரையில் முட்டிக்கொண்டிருந்தது. அதை விடுவிக்கத் தரையைத் தோண்ட வேண்டியதாயிற்று. மேலே சரளை, நாலு விரற்கடை கீழே சுண்ணாம்புச் சத்து இறுகிய கலீச்சே என்னும் மண். கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறி பறக்கிறது. துருப்பிடித்த திருகாணிகளுக்கு எண்ணெய் பீய்ச்சிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். தம்பி பொறுமையில்லாமல் ஒன்றைத் திருகி, தலையை உடைத்தான். மற்றவை அரை மணி நேரம் ஊறி, நீளக் கைப்பிடி போட்டதும் இளகின. தலை உடைந்ததை கிரைண்டரால் அறுக்க வேண்டி வந்தது. அதற்கு முன் பெரியவர் சேஸிஸ் ஓரமாக விரலை ஓட்டி, அதை ஒட்டிப் போகும் கேஸ் குழாயையும், பிரேக்குக்குப் போகும் மின்கம்பியையும் தொட்டுக் காட்டினார். கேஸ் சிலிண்டரை மூடச் சொன்னார். குழாய்ப் பக்கம் தகரம் ஒன்றை மறைப்பாக வைத்த பிறகே கிரைண்டர் சுழன்றது.

புதிய ஜாக்கியின் துளைகளும் சேஸிஸின் பழைய துளைகளும் ஒத்துப்போகவில்லை. முடிந்தவரை பழைய துளைகளையே பெரிதாக்கிப் பயன்படுத்துவோம், இரும்பைச் சல்லடையாக்க வேண்டாம் என்றார். புதுத் துளை போட்டாலும் வாலோரத்தில் போடலாம், அச்சு மாட்டியிருக்கும் இடத்துப் பக்கம் டிரில்லைக் கொண்டுபோகவே கூடாது. முதலில் மெல்லிய முனை, பிறகு பெரியது, இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய். திருகாணிக்குப் பதிலாக ஊடுருவிப் போகும் போல்ட், இருபுறமும் வாஷர், மேலே லாக் நட்டு. கைப்பிடி மாட்டும் தலை வெளிப்புறம் பார்த்துச் சாய்வாக வரும்படி ஜாக்கியைத் திருப்பி வைத்தார். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மண்ணில் படுத்துத்தான் சுற்ற வேண்டும். அறுத்த விளிம்புகளிலும் துளை ஓரங்களிலும் துத்தநாகப் பூச்சு. தண்டுக்கு கிரீஸ் தடவப் போன தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாலைவனத்தில் கிரீஸ் மணலைப் பிடித்து வைக்கும், மணல் மரையைத் தின்னும். காய்ந்துபோகிற சிலிகான் ஸ்பிரேதான் இங்கே சரி.

கடைசியில் என் மருமகளைக் கூப்பிட்டுக் கைப்பிடியைக் கொடுத்தார். அடியில் அகலப் பலகை. கால் பலகையைத் தொடும் வரை சுற்றச் சொன்னார். தொட்டதும் இன்னும் அரைச் சுற்று. அவள் முழுபலத்தையும் காட்டத் தயாரானபோது, "போதும்" என்றார். ஒன்பது வயதுக் கை போதுமான வேலை அது.

பணம் வாங்கவில்லை. தம்பி மனைவி பெட்டியில் வைத்திருந்த சர்க்கரைப் பொங்கலைச் சூடாக்கிக் கொடுத்தாள். ஏலக்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டார்.

மறுநாள் ஊர் இடுகாட்டுக்குப் போனோம். அங்கே கற்களால் ஆன ஒரு சிறு பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைக்கு ஒட்டகம் ஒத்துவருமா என்று பார்க்க ஆசைப்பட்டது. 1855-ல் காங்கிரஸ் அதற்கு 30,000 டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு ஒட்டகங்கள் கப்பலில் டெக்ஸஸ் வந்து இறங்கின. அவற்றோடு வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. உள்ளூர்க்காரர்கள் நாக்கில் அவர் 'ஹை ஜாலி' ஆனார். உள்நாட்டுப் போர் வந்து திட்டம் சிதறியது, ஒட்டகங்கள் விற்கப்பட்டன, சில காட்டில் திரிந்தன. அவர் இங்கேயே தங்கி, கனிமம் தேடி அலைந்து, 1902-ல் இறந்தார். நினைவுச்சின்னம் 1935-ல் எழுப்பியது.

ஒட்டகத்தின் மார்பில் தடித்த மெத்தை போல ஒரு காய்ப்பு இருக்கும். மண்டியிட்டு உட்காரும்போது அதுதான் தரையில் ஊன்றும், உடம்பு ஆடாமல் நிற்கும். பாரம் ஏற்றுவதும் உட்கார வைத்துத்தான். எழுந்திருப்பது என்னவோ கால்களின் வேலை, மார்புக் காய்ப்பு அதில் தலையிடுவதில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சரியான ஸ்டெபிலைசரோடு இந்த ஊருக்கு வந்த வண்டி அது என்று தம்பியிடம் சொன்னேன். "அக்கா, அதுக்கு உதிரிபாகம் கிடைக்காது" என்றான்.

அன்றிரவு காற்று வீசியது. டிரெய்லர் அசைந்தது, ஆனால் தலையாட்டவில்லை. முழுக்க அசையாமல் எந்த ஜாக்கியும் நிறுத்தாது. டயரில் காற்றும் அச்சில் வில்லும் இருக்கும்வரை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தையும் நிறுத்துகிறேன் என்று இன்னும் இரண்டு சுற்று இறுக்குவதில்தான் வலது ஜாக்கியின் பழைய கதை தொடங்கியிருக்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகளையோ உடன்பிறந்தவர்களையோ பார்க்கப் போகிற நம்மவர்கள் பலர் இப்போது டிரெய்லர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறார்கள். சாவி வாங்கும் முன் ஏசியையும் டிவியையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கைப்பிடி வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு மூலையிலும் ஜாக்கியை முழுதாக இறக்கி ஏற்றிப் பாருங்கள், முக்கியமாகப் பின்னால் இருக்கும் இரண்டை. குனிந்து ஆணிகளை எண்ணி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மரப்பலகை கூடவே போகட்டும். முகாமைக் கலைக்கும்போது மூக்கைத் தொடும் முன் நான்கு கால்களையும் ஏற்றிவிடுங்கள்.